இத்தும்-காலி: ஒரு செச்சினிய மலையூரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காகசஸ் மலைநாட்டைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ எனக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. செச்சினியா என்றதும் எல்லோருக்கும் போர் ஞாபகம் வருகிறது. அங்கே ஊர்கள் உண்டு, அந்த ஊர்களுக்கு எழுநூறு எண்ணூறு ஆண்டுக் கதை உண்டு என்பது யாருக்கும் சொல்லப்படவில்லை. அதனால் ஒரே ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொண்டு, வந்த கேள்விகளை வந்தபடியே வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

செச்சினியா தனி நாடா? இந்த ஊரு மேப்புல எங்க இருக்கு?

தனி நாடு இல்லை. ரஷ்யக் கூட்டமைப்புக்குள் இருக்கும் குடியரசுகளில் ஒன்று. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே காகசஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது அல்லவா, அதன் கிழக்குப் பாதியில், வடக்குச் சரிவில் இருக்கிறது. மேற்கே இங்குஷெத்தியா, கிழக்கே தாகெஸ்தான், தெற்கே மலைமுகட்டைத் தாண்டினால் ஜார்ஜியா. மக்கள்தொகை 15 லட்சம். தலைநகர் குரோஸ்னி சமவெளியில் உள்ளது.

குரோஸ்னியிலிருந்து நேர் தெற்காக, ஜார்ஜியாவிலிருந்து இறங்கி வரும் அர்கூன் ஆற்றை எதிர்த்துப் போனால், சுமார் 80 கிலோமீட்டரில் இத்தும்-காலி வரும். ரஷ்ய வரைபடங்களில் இத்தும்-காலி, இத்தும்-காலே என்று இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே ஊர்தான்.

எவ்வளவு பெரிய ஊரு?

ஆயிரம் பேரைச் சுற்றித்தான் மக்கள்தொகை. ஆனால் மாவட்டத் தலைமையிடம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அரசு அலுவலகங்கள், மசூதி எல்லாம் உண்டு. மொத்த மாவட்டத்திலுமே ஆறாயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். மலைப்பகுதி ஏன் இப்படி ஆளில்லாமல் கிடக்கிறது என்பதற்கு 1944-ஐயும் 1957-ஐயும் பற்றிய பதில்களைப் பாருங்கள்.

ஜார்ஜியாவுல இருந்து ஆறு வருதுன்னு சொல்றீங்க. நடுவுல காகசஸ் மலையே இருக்கே, ஆறு எப்படித் தாண்டி வரும்?

நல்ல கேள்வி. இந்தப் பகுதியின் வரலாற்றில் பாதி இதற்குள் இருக்கிறது. நாட்டு எல்லையும் நீர்பிரி முகடும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் போவதில்லை. ஜார்ஜியாவின் ஹெவ்சுரேதி என்ற பகுதியில் ஒரு துண்டு, முகட்டுக்கு வடக்கே இருக்கிறது. அர்கூன் அங்கேதான் பிறக்கிறது. ஷாத்திலி என்ற ஜார்ஜியக் கோட்டை ஊரைத் தொட்டுக்கொண்டு வடக்கே இறங்கி, செச்சினியாவுக்குள் நுழைந்து, இத்தும்-காலி வழியாகப் போகிறது. இந்த மேல் பகுதிக்குச் சாந்தி-அர்கூன் என்று பெயர். கீழே தாச்சு-போர்சோய் அருகே ஷாரோ-அர்கூன் வந்து சேர்ந்த பிறகு வெறும் அர்கூன். மொத்தம் 148 கிலோமீட்டர் ஓடிச் சுன்ஜா ஆற்றில் விழுகிறது. சுன்ஜா தெரெக்கில் சேர்ந்து, தெரெக் காஸ்பியனுக்குப் போகிறது.

இதன் விளைவு என்னவென்றால், ஷாத்திலிக்காரர்கள் தங்கள் சொந்தத் தலைநகரான திபிலிசிக்குப் போக 2,676 மீட்டர் உயரமுள்ள ததுவிஸ்ஜ்வாரி கணவாயை ஏறி இறங்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பாதை பனியில் மூடிவிடும். செச்சினியப் பக்கம் வருவதென்றால் ஆற்றோடு கூடவே இறங்கினால் போதும். மொழி வேறு, மதம் வேறு. ஆனாலும் இரண்டு பக்கத்து மலைக்காரர்களும் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டும் ஆடுமாடு கடத்தியும் பண்டம் மாற்றியும் நட்புச் சத்தியம் செய்தும் வாழ்ந்தது இந்த ஆற்று வழியில்தான்.

போயும் போயும் இந்த மலைக்கு நடுவுல ஏன் ஊர் கட்டினாங்க?

சமவெளி அப்போது பாதுகாப்பான இடமாக இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் வந்தார்கள். 1395-இல் தெரெக் ஆற்றங்கரையில் தைமூர் தங்கக் கூட்டம் என்ற மங்கோலிய வழி அரசைத் தோற்கடித்தபோது வடகாகசஸ் சமவெளி நாசமானது. மலையில் மக்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். ஜார்ஜிய நாளாகமங்கள் இவர்களின் முன்னோரைத் துர்ஜுக்குகள் என்று குறிப்பிடுகின்றன. படையெடுப்புகளின் காலத்தில் இன்னும் நிறையப் பேர் மலைக்குள் ஒதுங்கினார்கள். பிறகு தங்கக் கூட்டத்தின் பிடி தளர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள்.

இத்தும்-காலி இருக்கும் இடத்தைப் பார்த்தால் இன்னொரு காரணமும் புரியும். கீழே ஷாத்தோயிலிருந்து வரும் வழியில் ஆறு ஒடுங்கிய பாறை இடுக்கில் ஓடுகிறது. இத்தும்-காலி பக்கம் பள்ளத்தாக்கு கொஞ்சம் அகலமாகி, வீடு கட்டவும் விதைக்கவும் மண் கிடைக்கிறது. பக்கப் பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் பாதைகளும் இங்கே வந்து கூடுகின்றன. மேலேயிருந்து யார் இறங்கினாலும், கீழேயிருந்து யார் ஏறினாலும், இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊருக்கு வந்த பெருமைக்கும் பட்ட அடிக்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். இன்னும் தெற்கே, எல்லையில் தெபுலோஸ்ம்தா சிகரம் நிற்கிறது. 4,493 மீட்டர். காகசஸின் கிழக்குப் பகுதியிலேயே அதுதான் உயரம்.

அங்க இருக்கிறவங்க ரஷ்யர்களா? என்ன மொழி பேசுவாங்க?

செச்சினியர்கள். தங்களை நொக்சி என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் மொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் எந்த உறவும் இல்லை. இங்குஷ் மொழியும், ஜார்ஜியாவில் ஒரு சிறு கூட்டம் பேசும் பாத்ஸ் மொழியும்தான் அதன் உடன்பிறப்புகள். இத்தும்-காலிப் பக்கத்துக்கென்றே தனி வட்டார வழக்கு உண்டு. எழுதுவதற்குச் சமவெளி வழக்கைத்தான் பொது நடையாக வைத்திருக்கிறார்கள். எழுத்து முதலில் அரபி, 1920-களில் லத்தீன், 1938-இலிருந்து சிரில்லிக். பதினைந்து வருடத்துக்குள் இரண்டு முறை எழுத்தை மாற்றியதில், தாத்தா எழுதியதைப் பேரனால் படிக்க முடியாமல் போனது. அதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சமூகம் தெய்ப் எனப்படும் குலங்களாகப் பிரிந்தது. பல குலங்கள் சேர்ந்தது துக்கும். மரபாக ஒன்பது துக்கும்கள் சொல்வார்கள். அவற்றில் சாந்தி என்பது இத்தும்-காலியைச் சுற்றியவர்களுடையது. அரசர், ஜமீன் என்று யாரும் இங்கே இருந்ததில்லை. குலப் பெரியவர்கள் கூடி அதத் எனப்படும் வழக்கச் சட்டப்படி தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கொலைக்குப் பழிக்குப்பழி தொடங்கினால், சமாதானம் பேசி முடிப்பதும் இவர்கள் வேலைதான்.

படத்துல உயரமா ஒரு கல் கோபுரம் தெரியுதே, அது கோயிலா, ஜெயிலா?

இரண்டும் இல்லை. போர்க் கோபுரம். அடியில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் சதுரம், நான்கு அல்லது ஐந்து மாடி, 20 முதல் 25 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் குறுகும். வாசல் தரையில் இருக்காது. இரண்டாம் மாடியில் இருக்கும். ஏணி வைத்து ஏறி, ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே நான்கு பக்கமும் வெளியே துருத்திய கல் மாடங்கள் உண்டு. அங்கிருந்து கீழே நிற்பவர்கள் தலையில் கல்லைப் போடலாம். கூரை படிப்படியாக அடுக்கிய கூம்பு. ஒரு கோபுரத்தை ஒரு வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குலத்துக்கு இழுக்கு என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

இது தவிர வசிக்கும் கோபுரங்களும் உண்டு. அவை அகலமானவை, இரண்டு முதல் நான்கு மாடி. கீழே ஆடுமாடு, மேலே குடும்பம். நடுவில் ஒரு கல் தூண், அதன்மேல் உத்தரங்கள்.

இத்தும்-காலிக்கு வரும் வழியில் உஷ்கலோய் இரட்டைக் கோபுரங்களைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. செங்குத்துப் பாறையின் அடியில் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். பாறையே பின்சுவர். இத்தும்-காலி ஊரில் ஆற்றங்கரையில் பகோச் என்ற கோட்டைத் தொகுதி இருக்கிறது. நெடுநாள் இடிந்து கிடந்ததை இந்த நூற்றாண்டில் எடுத்துக் கட்டி, உள்ளே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

செத்தவங்களோட ஊர்னு ஒண்ணு அங்க இருக்காமே, உண்மையா?

உண்மை. சோய்-பெதே. இத்தும்-காலியிலிருந்து ஆற்றோடு இன்னும் மேலே, ஜார்ஜிய எல்லையை ஒட்டிய மல்கிஸ்தா பகுதியில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கு மேலே ஒரு முதுகுப் பாறையில் இருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லறை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் படியடுக்குக் கூரை, சிறு சன்னல். ஒரு குடும்பத்தின் இறந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே கல்லறை வீட்டுக்குள் கிடத்தினார்கள். மண்ணில் புதைக்கவில்லை. காவலுக்குப் போர்க் கோபுரமும் உண்டு. வடகாகசஸின் பெரிய கல்லறைத் தொகுதிகளில் இதுவும் ஒன்று.

உயிரோடு இருப்பவர்களுக்கு விதைக்கக் காணி நிலம் இல்லாத மலையில், இறந்தவர்களுக்கு இத்தனை கவனமாக வீடு கட்டியிருக்கிறார்கள். இந்த மக்களைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இடத்தைத்தான் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

முஸ்லிம் ஊர்தானே? அப்புறம் கோபுரத்துல சிலுவை எப்படி வந்துச்சு?

இஸ்லாம் இந்த உயர்மலைக்குச் சமவெளியைவிடத் தாமதமாக வந்தது. அதற்கு முன் இருந்தது பழைய மலை வழிபாடு: சிறு கல் தூண் சன்னிதிகள், விழாக்கள், பலி. தெற்கேயிருந்து ஜார்ஜியக் கிறிஸ்தவமும் கொஞ்சம் கலந்தது. மேலே சொன்ன ஆற்று வழியை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் கோபுரச் சுவர்களில் சிலுவை, சுருள், உள்ளங்கை அச்சு என்று பலவும் செதுக்கியிருக்கும்.

இப்போது எல்லோரும் சுன்னி முஸ்லிம்கள். ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று). நக்ஷபந்தி, காதிரி என்ற இரண்டு சூஃபி வழிகளும் வேரூன்றியவை. வட்டமாகச் சுற்றி வந்து செய்யும் திக்ர் என்ற இறைநினைவு வழிபாடு காதிரி வழியினருடையது. 19-ஆம் நூற்றாண்டில் குந்தா-ஹாஜி பரப்பிய வழி அது.

அங்க பிழைப்பு என்ன? என்ன சாப்பிடுவாங்க?

ஆடு, மாடு, தேன். முன்பு மலைச்சரிவில் படிக்கட்டு வயல் கட்டி வாற்கோதுமையும் கோதுமையும் விதைத்தார்கள். பழைய வயல்களின் வரிகள் இன்றும் புல்லுக்கு அடியில் தெரியும். இப்போது அரசு வேலையும் ஓரளவு சுற்றுலாவும். பக்கத்து வெதூச்சியில் 2018-இல் பனிச்சறுக்கு மையம் திறந்தார்கள்.

முக்கியமான சாப்பாடு ஜிஜிக்-கல்னாஷ். வேகவைத்த இறைச்சி, மாவு உருண்டைகள், பூண்டுச் சாறு, ஒரு கிண்ணம் இறைச்சி ரசம். சோள ரொட்டிக்கு சிஸ்கல் என்று பெயர். அதைத் தயிர்க்கட்டியும் புளித்த பாலேடும் கலந்த கலவையில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

ரஷ்யர்கள் எப்போ வந்தாங்க? இமாம் ஷமீலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட மதத் தலைவர் ஷமீல். 1840-இலிருந்து செச்சினியாவின் பெரும்பகுதி அவருடைய இமாமத் என்ற அரசுக்குக் கீழ் வந்தது. அர்கூன் மலையிடுக்கு அதன் முதுகுப் பக்கம். 1858-இல் ரஷ்யத் தளபதி எவ்தோகிமோவ் காட்டை வெட்டி வழி போட்டுக்கொண்டே அர்கூன் இடுக்கில் ஏறி ஷாத்தோயைப் பிடித்தார். மேலிருந்த மலைக் குலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிந்தன. முதுகு போனதும் ஷமீல் தனியானார். 1859 வசந்தத்தில் அவருடைய தலைநகர் வெதேனோ விழுந்தது. அதே ஆண்டு தாகெஸ்தானின் குனிபில் அவர் சரணடைந்தார்.

ஆனால் இங்கே சண்டை அத்தோடு முடியவில்லை. 1860-இல் அர்கூன் மலையில் மறுபடியும் எழுச்சி. அதன் தலைவர்களில் ஒருவர் உமா துயேவ். இத்தும்-காலிப் பக்கத்து ஜும்சோய் ஊர்க்காரர். அடக்கப்பட்டு, உள்ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து, 1877 எழுச்சியில் வயதான காலத்தில் மறுபடி கலந்துகொண்டார். 1878-இல் குரோஸ்னியில் தூக்கிலிட்டார்கள். நடுவே 1865-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செச்சினியர்கள் ஒட்டோமான் நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜோர்தானிலும் துருக்கியிலும் இன்று இருக்கும் செச்சினியக் குடும்பங்களில் பல அவர்கள் வழி வந்தவை.

1944-ல என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா சொல்லுங்க.

சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. முயற்சி செய்கிறேன்.

1944 பிப்ரவரி 23. செம்படை நாள். ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியாவின் மேற்பார்வையில் சுமார் ஒரு லட்சம் உள்துறைப் படையினரும், 19 ஆயிரம் வரை பாதுகாப்புத் துறை ஆட்களும் முன்கூட்டியே செச்சினியாவுக்குள் இறங்கியிருந்தார்கள். பயிற்சிக்கு வந்திருக்கிறோம் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் மொத்த இனத்தையும் திரட்டத் தொடங்கினார்கள். குழந்தை, கிழவி, கட்சி உறுப்பினர், போர்முனையில் காயம்பட்டுத் திரும்பியவர், யாருக்கும் விலக்கு இல்லை. லாரி ஏறாத மலைக் குடியிருப்புகளிலிருந்து நடத்தியே கீழே கொண்டுவந்தார்கள். பெரியா ஸ்டாலினுக்கு அனுப்பிய தந்தியில் பிப்ரவரி 29 வரை 4,78,479 பேர் ரயில் ஏற்றப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. அதில் 91,250 பேர் இங்குஷ் மக்கள். 180 ரயில்கள். கடும்பனியால் கலஞ்சோஜ் மாவட்டத்தில் ஆறாயிரம் பேர் மிச்சம் என்றும் அதே தந்தி சொல்கிறது. கலஞ்சோஜ், இத்தும்-காலிக்கு மேற்கே அடுத்த மலை.

போன இடம் கசகஸ்தானும் கிர்கிஸ்தானும். வழியிலும், முதல் குளிர்காலங்களில் பசியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சோவியத் ஆவணக் கணக்குப்படியே, வடகாகசஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட நான்கு இனங்களில் (செச்சினியர், இங்குஷ், கராச்சாய், பல்கார்) 1944 முதல் 1948 வரை 1,44,704 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். 1948 நவம்பரில், இந்த நாடுகடத்தல் நிரந்தரம், தப்பி ஓடினால் இருபது வருடம் கடுங்காவல் என்று ஆணை வந்தது.

ஜெர்மன்காரங்களுக்கு உதவி பண்ணினதாலதானே அனுப்பினாங்க?

அரசு சொன்ன காரணம் அது. நிலத்தையும் தேதியையும் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் படை 1942 இலையுதிர் காலத்தில் மேற்கு ஓரத்தில் மல்கபேக் பக்கம்வரை வந்தது. குரோஸ்னிக்கோ இந்த மலைக்கோ வரவே இல்லை. 1943 ஜனவரியில் அதையும் விரட்டியாயிற்று. நாடுகடத்தல் நடந்தது அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து.

மலையில் கிளர்ச்சி இருந்தது உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது. 1940-இல் ஹசன் இஸ்ராயிலோவ் கலஞ்சோஜில் தொடங்கினார். 1942 ஆகஸ்டில் மைர்பெக் ஷெரிப்போவின் ஆட்கள் ஹீமோயைச் சூறையாடிவிட்டு இத்தும்-காலியையே தாக்கினார்கள். பிடிக்க முடியவில்லை. நவம்பரில் ஷெரிப்போவ் கொல்லப்பட்டார். இந்தக் கிளர்ச்சிகளுக்கு வேர், முப்பதுகளில் நடந்த கட்டாயக் கூட்டுப்பண்ணையிலும் கைதுகளிலும் இருந்தது. ஜெர்மனியர்கள் சில குழுக்களை வான்வழியே இறக்கியதும் நடந்தது.

ஆனால் கிளர்ச்சியில் இருந்தவர்கள் ஒரு சிறு பங்கு. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான செச்சினியர்கள் செம்படையில் இருந்தார்கள். ஸ்டாலின்கிராட் முனையில் 1942-இல் இறந்த இயந்திரத் துப்பாக்கி வீரர் ஹான்பாஷா நுராதிலோவ், சோவியத் யூனியனின் வீரர் பட்டம் பெற்ற செச்சினியர். ஒரு கைக்குழந்தை எந்த ஜெர்மானியனுக்கு உதவியது? மொத்த இனத்தையும் தண்டித்ததற்கு எந்தக் கிளர்ச்சியும் நியாயம் ஆகாது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2004-இல் இதை இனப்படுகொலை என்று ஏற்றது. சோவியத் அரசே 1989 நவம்பரில் இந்த நாடுகடத்தல்கள் சட்டவிரோதமானவை, குற்றம் என்று அறிவித்தது.

பழைய சோவியத் மேப்புல இந்த இடம் ஜார்ஜியாவுல, வேற பேர்ல இருக்கே? மேப் தப்பா?

வரைபடம் சரி. 1944 மார்ச் 7-இல் செச்சென்-இங்குஷ் குடியரசையே கலைத்துப் பக்கத்தவர்களுக்குப் பங்கு போட்டார்கள். கிழக்குத் துண்டு தாகெஸ்தானுக்கு, ஒரு பகுதி வட ஒசெத்தியாவுக்கு, நடுப்பகுதி குரோஸ்னி வட்டாரம் என்று புதிதாக. தெற்கு மலை ஜார்ஜியாவுக்குப் போனது. இத்தும்-காலி அகல்கேவி ஆனது. 1957 வரை அந்தப் பெயர்தான்.

பெயரோடு சேர்த்துத் தடயமும் அழிக்கப்பட்டது. கோபுரங்கள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. செச்சினியா முழுக்கக் கல்லறைக் கற்களைப் பிடுங்கிச் சாலை ஓரத்துக்கும் கட்டட அடித்தளத்துக்கும் போட்டார்கள். கலைக்களஞ்சியங்களில் இந்த இனத்தின் பெயரே இல்லாமல் போனது.

1957-ல திரும்பி வர விட்டாங்களே, அப்புறம் ஏன் மலை காலியா கிடக்கு?

திரும்பி வர விட்டார்கள். மலைக்கு விடவில்லை. 1957 ஜனவரி 9-இல் குடியரசு மீண்டும் அமைந்தது. மக்கள் அதற்கு முன்பே, அனுமதிக்குக் காத்திராமல், ரயிலேறத் தொடங்கியிருந்தார்கள். கசகஸ்தானில் இறந்த உறவினர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் கொண்டுவந்தவர்கள் உண்டு. சோய்-பெதே பற்றிச் சொன்னதை இங்கே சேர்த்துப் பார்த்தால், அது ஏன் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம் என்று புரியும்.

ஆனால் உயர்மலைப் பகுதிகள் பலவற்றில் குடியேறத் தடை இருந்தது. கலஞ்சோஜ், மல்கிஸ்தா, செபெர்லோய் எல்லாம் அப்படி. சமவெளியில் இருந்தால் கண்காணிப்பது எளிது. கூட்டுப்பண்ணைக்கும் ஆள் கிடைக்கும். இத்தும்-காலி சாலையில் இருந்ததால் உயிர் பிழைத்தது. சுற்றியிருந்த சிற்றூர்கள் பல எழவே இல்லை. சமவெளியில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் குலத்து மலையூரைத் தன் ஊர் என்று சொல்வது இன்றும் சகஜம். அந்த ஊரில் இப்போது இடிந்த கோபுரம் ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.

பிப்ரவரி 23 ரஷ்யா முழுக்க விடுமுறையாமே? செச்சினியாவுல அன்னிக்குத் துக்கம் இல்லையா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. ரஷ்யாவில் அது தாய்நாட்டுக் காவலர் நாள். செச்சினியாவிலும் அரசு விடுமுறைதான். 2011-இல் செச்சினியத் தலைவர் ரம்சான் கதீரோவ், அதிகாரபூர்வத் துக்க நாளை மே 10-க்கு மாற்றினார். அது அவருடைய தந்தை அக்மத் கதீரோவை அடக்கம் செய்த நாள். அவர் 2004 மே 9-இல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். குரோஸ்னியில் பழைய கல்லறைக் கற்களை வைத்து 1990-களில் எழுப்பிய நினைவிடத்தையும் 2014-இல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். வீடுகளில் நினைவுகூர்வது பிப்ரவரி 23-ஐத்தான்.

தொண்ணூறுகள்ல நடந்த போர்ல இந்த ஊர் என்ன ஆச்சு?

ரஷ்யாவிலிருந்து பிரிந்து நின்ற செச்சினியர்களுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த முதல் போர் 1994 முதல் 1996 வரை. இடுக்கின் கீழ்ப்பகுதியில், யாரிஷ்மர்தி அருகே 1996 ஏப்ரலில் ஒரு ரஷ்யப் படைவரிசை மறைந்திருந்த போராளிகளிடம் சிக்கி அழிந்தது. போர் நின்ற இடைவெளியில் செச்சினிய அரசு, இத்தும்-காலியிலிருந்து ஷாத்திலிக்குச் சாலை வெட்டத் தொடங்கியது. ரஷ்யாவைத் தொடாமல் வெளியுலகத்துக்குப் போக வேறு வழி அவர்களுக்கு இல்லை.

1999-இல் இரண்டாம் போர். குண்டுவீச்சுக்குத் தப்பி ஆயிரக்கணக்கான அகதிகள் இதே வழியில் மேலே ஏறி ஜார்ஜியா போனார்கள். டிசம்பர் நடுவில் ரஷ்யா எல்லைக்கருகே ஹெலிகாப்டரில் படையை இறக்கி, சாலையை அடைத்தது. 2000 பிப்ரவரி கடைசியில் ஷாத்தோய் விழுந்தது. அதே நாட்களில் உலுஸ்-கெர்த் அருகே 776 என்ற குன்றில் 84 ரஷ்ய வான்குடைப் படையினர் இறந்தார்கள். எல்லையின் ஜார்ஜியப் பக்கத்தில் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பாளர்கள் 1999 டிசம்பரிலிருந்து 2004 முடிவு வரை இருந்தார்கள். இத்தும்-காலி எல்லைப்படைத் தளம் ஆனது. 1858-இல் எவ்தோகிமோவுக்கு இந்த வழி எதற்குத் தேவைப்பட்டதோ, 1999-இலும் அதற்கேதான்.

ஜார்ஜியாவுக்குள்ளயும் செச்சினியர்கள் இருக்காங்களாமே, அவங்க அகதிகளா?

இரண்டு கூட்டம். பங்கீசிப் பள்ளத்தாக்கில் துயீசி முதலான ஊர்களில் வாழும் கிஸ்துகள், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மல்கிஸ்தா பக்கமிருந்து மலையைத் தாண்டிப் போனவர்கள். பேசுவது செச்சினிய மொழியின் ஒரு வழக்கு. ஜார்ஜியக் குடிமக்கள். மேலே சொன்ன 1999 அகதிகள் ஏழாயிரம் பேர் அளவில், போய்த் தங்கியது இவர்களிடம்தான். தங்கள் உறவினர்களாகவே நினைத்து வீட்டில் இடம் கொடுத்தார்கள்.

இப்போ போட்டோல கோபுரமெல்லாம் புத்தம்புதுசா இருக்கே. அசலா, செட்டா?

கலவை. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் நிறையக் கோபுரங்களை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சில பாதி பழையது, பாதி புதியது. சில ஏறக்குறைய முழுக்கப் புதியவை. சுவரின் நிறத்தையும் கல் அடுக்கையும் கவனித்தால் எங்கே பழையது முடிகிறது என்று பெரும்பாலும் தெரியும். தொல்லியல் பார்வையில், எது பழசு என்று குறித்து வைக்காமல் கட்டியது இழப்புதான். ஆனால் ஊரோடு சேர்த்துத் தகர்த்த ஒன்றைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று அந்த மக்கள் ஆசைப்படுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் சோய்-பெதே.

நாம போய்ப் பார்க்க முடியுமா?

ரஷ்ய விசா இருந்தால் குரோஸ்னி வரை சிக்கல் இல்லை. இத்தும்-காலி மாவட்டத்தின் தெற்கு எல்லைப்பகுதி. அங்கே போக வெளிநாட்டவர் எல்லைக் காவல் பிரிவிடம் முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எந்த இடம்வரை அனுமதி வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். உடை அடக்கமாக இருக்க வேண்டும், மது கிடைப்பது அரிது. அரசியல், போர், தலைவர் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். கேட்ட நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், பதில் சொன்னவர் அங்கேயே இருக்க வேண்டும்.

இத்தும்-காலியிலிருந்து ஆற்றோடு போய் ஷாத்திலியையும் பார்த்துவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. அந்த எல்லை மூடியது. ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இடையே பயணிகளுக்குத் திறந்திருக்கும் சாலை வழி மேல் லார்ஸ் ஒன்றுதான். அது மேற்கே, வட ஒசெத்தியாவில் இருக்கிறது. ஷாத்திலிக்குத் திபிலிசியிலிருந்து, கோடையில், கணவாய் திறந்திருக்கும்போது தனியாகப் போக வேண்டும்.